பள்ளியில் பிள்ளையைச் சீண்டினால்: நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் குடியிருப்பின் மேல்தளத்துக்கு ஓர் ஆகஸ்ட் மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. பையன் ஆறாம் வகுப்பு. செப்டம்பர் கடைசியிலிருந்து அவன் பள்ளிப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் பின்னிருக்கையில் இருந்த மூன்று பேர் ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அவன் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போனதுதான் காரணம். அம்மா எண்ணெய் வைப்பதை நிறுத்தினார். அவர்கள் மூக்கைப் பிடிப்பதை நிறுத்தவில்லை. அப்பா ஒரு நாள் அரைநாள் விடுப்பு எடுத்துப் பள்ளிக்குப் போய், வைஸ் பிரின்சிபாலைச் சந்தித்து, "பையன் இன்னும் இந்த ஊருக்குப் பழகவில்லை, பஸ்ஸில் கொஞ்சம் கிண்டல் செய்கிறார்கள் போலிருக்கிறது, முடிந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, நன்றியும் கூறிவிட்டு வந்தார். மூன்று வாரங்களுக்கு எதுவும் நடக்கவில்லை.

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை, ஆனால் சட்டத்தை அசைக்கக்கூடிய ஒரு சொல்லும் அதில் இல்லை. நம் ஊர்ப் பண்பின்படி குறையைக் குறைத்துச் சொல்லிவிட்டார். கேட்டவர் அதைப் புது மாணவனின் பழக்கச் சிக்கல் என்று எடுத்துக்கொண்டார். நியூ ஜெர்சியின் அரசுப் பள்ளிகளில் புல்லியிங்குக்கு எதிராக இருக்கும் சட்டம் நாட்டிலேயே கண்டிப்பானவற்றுள் ஒன்று என்று பலரும் சொல்வார்கள். அது கண்டிப்பானதுதான், ஆனால் தேதி, இடம், காரணம் ஆகிய மூன்றும் எழுத்தில் வந்து சேரும்போதுதான் அது வேகமெடுக்கிறது. இந்தக் கட்டுரை அந்த எழுத்தை எப்படித் தொடங்கி எதுவரை கொண்டுபோவது என்பதைப் பற்றியது.

சட்டம் எங்கிருந்து வந்தது

அமெரிக்கா முழுவதற்கும் பொதுவாகப் புல்லியிங்கை நேரடியாகத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் கிடையாது. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே சட்டம் இயற்றிக்கொண்டது. 1999-இல் ஜார்ஜியா தொடங்கி வைக்க, 2015-இல் மொன்டானா கடைசியாக வந்து சேர்ந்தது. ஆகவே டெக்சாஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்கும் உறவினர் சொல்லும் நடைமுறையை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது.

நியூ ஜெர்சியில் முதல் சட்டம் 2002-இல் வந்தது. 2007-இல் இணையவழித் தொல்லை அதில் சேர்க்கப்பட்டது. அதே 2007-இல், டாம்ஸ் ரிவர் பள்ளி மாவட்டத்தின் (அந்த ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின்) மீது தொடுக்கப்பட்ட வழக்கில், சக மாணவர்களின் தொடர்ந்த அவமதிப்பை அறிந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், தக்க நடவடிக்கை எடுக்காத பள்ளி நிர்வாகம் பாகுபாடு தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பொறுப்பேற்க வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010 செப்டம்பரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், விடுதி அறையில் தம் அந்தரங்கம் இணையக் கேமராவால் பார்க்கப்பட்டதை அடுத்து உயிரை மாய்த்துக்கொண்டது மாநிலத்தையே உலுக்கியது. புல்லியிங் தடுப்பு உரிமைச் சட்டம் சில மாதங்களுக்குள், 2011 ஜனவரியில், கையொப்பமாகி அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2022 ஜனவரியில் அது மேலும் இறுக்கப்பட்டது.

இந்தியர்களுக்கு இந்த மாநிலத்தில் இன்னொரு பழைய நினைவும் உண்டு. 1987-இல் ஜெர்சி சிட்டியில், நெற்றிப் பொட்டைக் குறிவைத்துப் பெயர் சூட்டிக்கொண்ட 'டாட் பஸ்டர்ஸ்' என்ற கும்பல் இந்தியர்களை வீதியில் தாக்கியது. பொட்டைக் காட்டி ஒரு பெண்குழந்தையைக் கேலி செய்வது இங்கே வெறும் குழந்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளப்பட வேண்டியதில்லை என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில்: நடந்தது எச்.ஐ.பி.யா என்று பாருங்கள்

பள்ளி அலுவலகத்தில் 'புல்லியிங்' என்ற தனிச்சொல்லைவிட 'எச்.ஐ.பி.' என்பதே அதிகம் புழங்கும். ஹராஸ்மென்ட், இன்டிமிடேஷன், புல்லியிங் என்ற மூன்றின் முதலெழுத்துகள் அவை. அதாவது தொல்லை, மிரட்டல், சீண்டல். சைகை, பேச்சு, எழுத்து, உடல்ரீதியான செயல், மின்னணுச் செய்தி எதுவானாலும் இதில் அடங்கும். ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் போதும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. "திரும்பத் திரும்ப நடந்தால்தான் புல்லியிங்" என்று யாராவது சொன்னால் அது இந்த மாநிலத்துக்குப் பொருந்தாது.

ஆனால் சில நிபந்தனைகள் சேர்ந்து நிறைவேற வேண்டும். அந்தச் செயல், இனம், நிறம், மதம், வம்சாவளி, பிறந்த நாடு, பாலினம், பாலின அடையாளம், பாலீர்ப்பு, உடல் அல்லது மனக் குறைபாடு போன்ற ஒரு பண்பையோ, பிள்ளையை மற்றவரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டும் வேறெந்தப் பண்பையோ காரணமாகக் கொண்டது என்று நியாயமாகக் கருதத்தக்கதாக இருக்க வேண்டும். பள்ளி வளாகத்திலோ, பள்ளி நிகழ்ச்சியிலோ, பேருந்திலோ நடந்திருக்க வேண்டும். வெளியே நடந்திருந்தால் அதைப் பள்ளி ஊழியர் ஒருவர் அறிய வந்திருக்க வேண்டும். பள்ளியின் ஒழுங்கையோ ஒரு மாணவரின் உரிமையையோ கணிசமாகக் குலைத்திருக்க வேண்டும். அத்துடன், பிள்ளைக்கு உடலாலோ மனத்தாலோ தீங்கு நேரும் என்று எவரும் ஊகிக்கக்கூடியதாகவோ, இழிவுபடுத்துவதாகவோ, படிக்கும் சூழலையே பகையாக்குவதாகவோ இருக்க வேண்டும்.

இவற்றுள் பெரும்பாலான புகார்கள் கவிழ்ந்துபோவது முதல் நிபந்தனையில்தான். கால்பந்தில் யார் கோல்கீப்பர் என்ற சண்டையில் இரண்டு பையன்கள் தள்ளிக்கொண்டால் அது இருதரப்புத் தகராறு. பள்ளி அதை ஒழுங்கு விதிகளின்படி கவனிக்குமே தவிர இந்தச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவராது. அதே தள்ளலின்போது "உன் ஊருக்கே திரும்பிப் போ" என்ற சொல் விழுந்திருந்தால் கதை வேறு. உச்சரிப்பைத் திரித்துப் பேசிக் காட்டுவது, பெயரை வேண்டுமென்றே சிதைத்து அழைப்பது, தோல் நிறம், எண்ணெய் வைத்த தலை, சாப்பாட்டு வாடை, பருமன், திக்குவாய், கண்ணாடி எல்லாமே 'வேறுபடுத்திக் காட்டும் பண்பு' என்ற வரையறைக்குள் வரக்கூடியவை.

சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்த நம் பிள்ளைகளை 'ஃபாப்' என்று, அதாவது இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கியவர் என்று, கேலி செய்பவர்களில் இங்கேயே பிறந்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகளும் உண்டு. "நம்மவர்தானே, எப்படிப் புகார் கொடுப்பது" என்று தயங்குபவர்கள் கவனிக்க வேண்டியது, சீண்டுபவரின் இனம் என்ன என்பதைச் சட்டம் கேட்பதில்லை. எந்தப் பண்பைப் பிடித்துச் சீண்டினார் என்பதையே கேட்கிறது. சீண்டியவர் ஓர் ஆசிரியராகவோ பேருந்து ஓட்டுநராகவோ இருந்தாலும் புகார் செய்யலாம்.

இரண்டாவது: அன்றிரவே குறித்துக்கொள்ளுங்கள்

பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, தூங்கப் போனபின் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த இடம், யார், என்ன சொன்னார், யார் பார்த்தார், பெரியவர் யாரிடமாவது பிள்ளை சொன்னதா. சொன்ன சொல்லை அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை பேசினான்" என்று மெருகேற்றினால் விசாரிப்பவருக்கு அதனால் பயனில்லை. வாட்ஸ்அப், ஸ்னாப்சாட், டிஸ்கார்ட் போன்றவற்றில் வந்ததென்றால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை, ஏனென்றால் ஸ்னாப்சாட்டில் வந்தது காலையில் இருக்காது.

கூடவே, செய்யக்கூடாத இரண்டு. "நீயும் திருப்பி ஒன்று கொடு" என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். மறுநாள் ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். எதிர்த்தரப்புப் பெற்றோரைத் தமிழ்ப் பள்ளியிலோ கோயிலிலோ பிடித்து நியாயம் கேட்பதும், குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பிள்ளையின் பெயரைப் போடுவதும் பின்னால் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

மூன்றாவது: எழுதிக் கொடுங்கள்

உங்கள் பள்ளி மாவட்டத்தின் இணையதள முகப்பிலேயே எச்.ஐ.பி. கொள்கைக்கான இணைப்பும், மாவட்ட ஒருங்கிணைப்பாளரின் பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும் இருக்க வேண்டும் என்பது சட்டக் கட்டாயம். ஒவ்வொரு பள்ளிக்கும் ஆன்ட்டி புல்லியிங் ஸ்பெஷலிஸ்ட் என்ற பொறுப்பில், இத்தகைய புகார்களை விசாரிக்க, ஒருவர் உண்டு. பெரும்பாலும் பள்ளிக் கவுன்சிலரே, அதாவது மாணவர்களுக்கான ஆலோசகரே, அவர். புகாரைப் பிரின்சிபாலுக்கு முகவரியிட்டு, ஸ்பெஷலிஸ்டுக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் நகல் வைத்து மின்னஞ்சலாக அனுப்புங்கள். பெற்றோர் நிரப்புவதற்கென்று மாநிலக் கல்வித் துறை உருவாக்கிய எச்.ஐ.பி. 338 என்ற படிவமும் இருக்கிறது, அதையும் நிரப்பலாம். பெயர் சொல்லாமலும் புகார் தரலாம், ஆனால் அந்தப் புகாரை மட்டும் வைத்து எந்த மாணவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது.

மேல்வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதிய மின்னஞ்சலின் சாரம் தமிழில் இவ்வளவுதான்: "என் மகன் ஆறாம் வகுப்பு மாணவன். இதை எச்.ஐ.பி. புகாராகப் பதிவுசெய்யக் கோருகிறேன். அக்டோபர் 3, 7, 8 ஆகிய நாட்களில் காலைப் பேருந்தில் மூன்று மாணவர்கள் அவன் ஏறியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தியர்கள் நாறுவார்கள் என்று சொன்னார்கள். இது அவனுடைய வம்சாவளியையும் பிறந்த நாட்டையும் குறிவைத்தது என்று கருதுகிறேன். அவன் கடந்த ஒரு வாரமாகப் பேருந்தில் செல்ல மறுக்கிறான். இரண்டு நாள் முதல் வகுப்பைத் தவறவிட்டான். விசாரணை முடியும்வரை பேருந்தில் அவனுக்கு ஓட்டுநருக்கு அருகில் இடம் தருமாறும், பேருந்துக் கேமராப் பதிவைப் பாதுகாக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். இதைப் பெற்றுக்கொண்டதாக எழுத்தில் உறுதிசெய்யவும்."

இதில் கோபமோ மிரட்டலோ வழக்கறிஞர் பெயரோ இல்லை. ஆனால் வரையறையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாக்கியம் இருக்கிறது. கேமராவைப் பற்றிய வரி முக்கியமானது. பல பேருந்துகளில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும்.

ஆங்கிலம் தடையாக இருக்கும் பெற்றோர், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதே மின்னஞ்சலில் கேட்கலாம். பெற்றோருக்குப் புரியும் மொழியில் முக்கியத் தகவல்களைத் தர வேண்டிய கடமை 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின்கீழ்ப் பள்ளிக்கு உண்டு. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். விசாவைப் பற்றிய பயமும் தேவையில்லை: குடிவரவு நிலையைக் காட்டிப் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 1982-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, புகார் கொடுத்தவரையோ சாட்சியையோ பழிவாங்குவதை மாநிலச் சட்டம் தடைசெய்கிறது.

அடி, ஆயுதம், உயிர் மிரட்டல் என்றால் இந்த வரிசையைப் பார்க்க வேண்டாம், 911-ஐ அழையுங்கள்.

நான்காவது: நாட்களை எண்ணுங்கள்

சம்பவத்தைக் கண்ட அல்லது நம்பகமாகக் கேள்விப்பட்ட பள்ளி ஊழியர் அன்றே பிரின்சிபாலிடம் வாய்மொழியாகவும், இரண்டு பள்ளி நாட்களுக்குள் எழுத்திலும் தெரிவிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லா மாணவர்களின் பெற்றோருக்கும் பிரின்சிபால் தகவல் சொல்ல வேண்டும். புகார் வந்த ஒரு பள்ளி நாளுக்குள் விசாரணை தொடங்கி, எழுத்துப்பூர்வ அறிக்கை வந்த நாளிலிருந்து பத்துப் பள்ளி நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிந்தபின் இரண்டு பள்ளி நாட்களில் முடிவு மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்டுக்குப் போகும்; அவர் அதை அடுத்து வரும் மாவட்டக் கல்வி வாரியக் கூட்டத்தில் வைப்பார்.

இங்கே 'பள்ளி நாள்' என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். அக்டோபர் கடைசியில் புகார் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். எடிசன் போன்ற மாவட்டங்களில் தீபாவளிக்கு விடுமுறை. தேர்தல் நாளுக்குப் பல இடங்களில் பள்ளி இல்லை. நவம்பர் தொடக்கத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டுக்கு வியாழன், வெள்ளி இரண்டும் போகும். பத்துப் பள்ளி நாள் என்பது ஏறக்குறைய மூன்று வாரமாக நீண்டுவிடும். மாவட்டத்தின் நாட்காட்டியை எடுத்துக் கடைசி நாளைப் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொண்டு, அந்த நாள் கடந்தால் மறுநாள் காலை ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

சில மாவட்டங்களின் கொள்கையில் ஒரு கிளைவழி இருக்கும். புகாரில் சொன்னதெல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அது வரையறைக்குள் வராது என்று, ஸ்பெஷலிஸ்டைக் கலந்துகொண்டு, பிரின்சிபால் விசாரணைக்கு முன்பே முடிவு செய்யலாம். மூன்றாவது படியில் 'வம்சாவளி' என்ற சொல்லை வெளிப்படையாக எழுதச் சொன்னது இதற்காகத்தான். அப்படித் தள்ளிவிட்டால் அந்த முடிவையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம்.

விசாரணையில் ஸ்பெஷலிஸ்ட் பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டுப் பேசுவார். நடந்ததை மட்டும் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல் என்று உங்கள் பிள்ளையிடம் முதல்நாள் கூறி வையுங்கள். ஒப்பித்த பதில் கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஐந்தாவது: முடிவுக் கடிதம் வந்தபின்

முடிவு வாரியத்துக்குச் சொல்லப்பட்ட ஐந்து பள்ளி நாட்களுக்குள் உங்களுக்கு எழுத்தில் தகவல் வர வேண்டும். விசாரணை எத்தகையது, எச்.ஐ.பி. நடந்ததற்குச் சான்று கிடைத்ததா, தண்டனையோ உதவியோ தரப்பட்டதா என்ற மூன்றும் அதில் இருக்கும். சீண்டிய பிள்ளைக்கு என்ன தண்டனை என்று இருக்காது. 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவுகள் தொடர்பான கூட்டாட்சிச் சட்டம் அதை மறைக்கச் சொல்கிறது. இதைக் கேட்டுப் பெற்றோர் கொதிப்பது இயல்பு. ஆனால் அதே திரைதான் உங்கள் பிள்ளையின் கோப்பையும் மூடி வைக்கிறது. அதனால் "அவனை என்ன செய்தீர்கள்" என்று மல்லுக்கட்டுவதைவிட, "என் மகனுக்கு என்ன பாதுகாப்பு" என்று கேட்பதில் பலன் அதிகம்: இருக்கை மாற்றம், உணவு அறையில் கூடுதல் கண்காணிப்பு, கவுன்சிலரோடு வாரம் ஒருமுறை. குறைபாடுள்ள பிள்ளையென்றால் ஐ.ஈ.பி. (தனிப்பட்ட சிறப்புக் கல்வித் திட்டம்) அல்லது 504 திட்டக் (குறைபாட்டுக்கான வசதிகள் தரும் திட்டம்) கூட்டத்தை உடனே கூட்டச் சொல்லுங்கள்.

முடிவில் திருப்தி இல்லையென்றால் கடிதம் கிடைத்த 60 நாட்களுக்குள் வாரியத்தின் முன் விசாரணை கேட்கலாம். கேட்ட பத்து நாட்களில் அது மூடிய அறையில் நடக்க வேண்டும். வாரியம் தன் முடிவை எழுத்தில் தரும்: ஏற்கலாம், மறுக்கலாம், திருத்தலாம். அதற்கும் மேலே, 90 நாட்களுக்குள் மாநிலக் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். இனம், மதம், நாடு போன்ற பாதுகாக்கப்பட்ட பண்பு காரணம் என்றால், சம்பவம் நடந்த 180 நாட்களுக்குள் மாநிலக் குடிமை உரிமைகள் பிரிவிலும், கூட்டாட்சிக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்திலும் புகார் பதியலாம். இந்த 180 நாள் சம்பவத்திலிருந்து ஓடுகிறது, பள்ளியின் முடிவிலிருந்து இல்லை. வாரியத்தின் கடிதத்துக்குக் காத்திருந்தே அதைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு.

உங்கள் பிள்ளைமேலேயே புகார் வந்தால்

வரும். ஒரு குழு அரட்டையில் யாரோ போட்ட கேலிப்படத்துக்குச் சிரிப்புக்குறி போட்டதற்குக்கூட விசாரணை அறைக்குக் கூப்பிடப்படலாம். தகவல் பெறும் உரிமை, வாரிய விசாரணை, மேல்முறையீடு எல்லாம் உங்களுக்கும் அதேபோல உண்டு. முதல் முறையும் இரண்டாம் முறையும் குற்றம் உறுதியானால் முடிவின் நகல் மாணவர் பதிவேட்டில் சேரும், திருத்த நடவடிக்கையும் இருக்கலாம்; மூன்றாம் முறை என்றால் பிரின்சிபால் உரிய பள்ளி ஊழியர்களைக் கலந்து தனிப்பட்ட இடையீட்டுத் திட்டம் வகுப்பார், பெற்றோரோடு சேர்ந்தே ஒரு பயிற்சி வகுப்பை முடிக்கச் சொல்லவும் இடமுண்டு. அன்றைக்கே கைப்பேசியில் உள்ளதை அழிக்கச் சொல்லாதீர்கள். முழு உரையாடலும் இருந்தால்தான் உங்கள் பிள்ளை எதற்குச் சிரித்தது, எதற்குச் சிரிக்கவில்லை என்பதைக் காட்ட முடியும்.

சேருமுன் பார்க்க வேண்டியவை

வீடு தேடும்போது பள்ளியின் மதிப்பெண் தரவரிசையைப் பார்ப்பவர்கள் இன்னொரு எண்ணையும் பார்க்கலாம். ஒவ்வொரு பள்ளியும் இந்தச் சட்டத்தை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று 78-க்குத் தன்னைத்தானே மதிப்பிட்டு இணையதளத்தில் போட வேண்டும். தன் விடைத்தாளைத் தானே திருத்துவதுதான், அதனால் முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். எங்கே புள்ளி குறைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள், அது உண்மையாக இருக்கும். இதெல்லாம் அரசுப் பள்ளிகளுக்கும், அரசு நிதியில் தனி நிர்வாகத்தின்கீழ் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும்தான். தனியார் பள்ளிகளைச் சட்டம் ஊக்குவிக்கிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை.

ஒவ்வொரு பள்ளியிலும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூடும் பாதுகாப்புக் குழு ஒன்று உண்டு. ஸ்பெஷலிஸ்ட் தலைமையில் கூடும் அதில் ஓர் ஆசிரியரோடு, அந்தப் பள்ளி மாணவர் ஒருவரின் பெற்றோருக்கும் ஓர் இடம் இருக்கிறது, பிரின்சிபால் நியமிப்பார். மேல்வீட்டுப் பையன் இப்போது ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து போகிறான். பேருந்தில் பெரியவர் ஒருவரும் கூடப் போக வேண்டும் என்று அவன் அம்மாவுக்கு ஓர் எண்ணம். அதற்காகக் குழுவில் பெற்றோருக்கான அந்த இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டு அவர் செப்டம்பர் முதல் வாரத்தில் பிரின்சிபாலுக்கு எழுதியிருக்கிறார்.